பட்டியலில் தம்பி வீடு

ஜனவரி 2, வெள்ளி

காலையிலிருந்து மழை. ரயில் இருபது நிமிடம் தாமதம். பிரிக்பீல்ட்ஸில் இறங்கி ஓட்டமும் நடையுமாக நான் வேலை செய்யும் பல் கிளினிக் போய்ச் சேர்ந்தால், டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. பல்வலிக்காரர்கள் பதினேழு பேர். வருடம் பிறந்ததும் எல்லாருக்கும் பல் ஞாபகம் வந்துவிடுகிறது. கிறிஸ்மஸ் முறுக்கு செய்த வேலை.

செய்ய வேண்டியவை:
– வீடு மந்திரிப்புப் பட்டியல் ஃபாதருக்கு (இன்றே!)
– சாக்பீஸ் இரண்டு டப்பா. வெள்ளை மட்டும். போன வருடம் ரீத்தா அக்கா ரோஸ் கலர் வாங்கி வந்தது போதும்.
– குடில் கழற்ற ஆள்
– மூட்டு வலி மாத்திரை
– அம்மா

அம்மா என்று எழுதி அப்படியே நிறுத்தியிருக்கிறேன். அதில் நான் செய்ய என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

மாலை ரயிலில் உட்கார இடம் கிடைத்தது, அதிசயம். மடியில் பை, பை மேல் போன். போன வருடப் பட்டியலைத் திறந்து, வருடத்தை மாற்றி, கிழமைகளைத் திருத்தி, புது ஃபாதர் பெயரைப் போட்டு, அவருக்கும் பங்குக் கோயில் அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். சுபாங் வருவதற்குள் முடிந்தது. எங்கள் அன்பியத்தில், பங்குக் கோயிலின் வட்டாரக் குழுவில், பத்தொன்பது குடும்பம். ராஜாக்கள் திருநாள் முடிந்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பாடி, ஜெபித்து, தீர்த்தம் தெளித்து, வாசல் நிலையில் மூன்று ராஜாக்களின் பெயர் எழுத்தையும் வருடத்தையும் சாக்பீஸால் எழுதி வரவேண்டும். பத்து வருடமாக நான்தான் பொறுப்பாளர். வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்கிறேன். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

நாலு மாடி ஏறி வீடு. மூன்றாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினேன். பிரெட், பால் இல்லாத கோப்பி ஓ. தூக்கம்.

ஜனவரி 3, சனி

மழை இல்லை. ஆனால் கடல் பொங்கும் நாளாம், தெருச் சாக்கடையில் தண்ணீர் விளிம்பு வரை. பூனை ஒன்று மதில் மேல் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

காலையில் நோயாளிகளுக்கு நன்மை கொண்டுபோனேன். ஒன்பது பேர். ஆண்டவரின் உடலான அந்த அப்பத்தைச் சின்ன டப்பாவில் வைத்துக் கழுத்தில் தொங்கவிட்டு, யாரிடமும் பேசாமல், நேரே வீடு வீடாக. பதினோரு வருடமாகச் செய்கிறேன். மருதாயி ஆன்டி என்னை இன்றைக்கும் நர்ஸ் என்று நினைத்து சுகர் எவ்வளவு என்று கேட்டார்.

ஒன்பது பேருக்குக் கொண்டுபோகிறேன், பெற்ற தாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

மத்தியானம் டோனி வீடு. இதே பண்டமாரானில் பத்து நிமிட நடை. அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்த நாளிலிருந்து தம்பியிடம்தான் இருக்கிறாள். என் வீட்டுக்கு லிஃப்ட் கிடையாது. அம்மாவை நாலு மாடி தூக்க முடியாது. துடைப்பது, பேம்பர்ஸ் மாற்றுவது, ஸ்பூனில் கஞ்சி ஊட்டுவது எல்லாம் டோனியும் அவன் மனைவி ஷீலாவும். நான் சனிக்கிழமை மகள்.

போன மே மாதம் டோனி நம் கோயிலை விட்டுப் போனான். கடை வீட்டு மாடியில் நடக்கும் ஒரு சபையில் சேர்ந்தான். கப்பல் போர்ட் வேலையில் அவன் கால் நசுங்கி ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் கிடந்தபோது அந்தச் சபை ஆட்கள் தினமும் சூப் கொண்டு வந்தார்கள். நம் ஆட்கள் யாரும் போகவில்லை. போகச் சொல்லி குரூப்பில் போட வேண்டியவள் நான். எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன். பிறகு ஒரு நாள் மாதா சுரூபத்தை டவலில் சுற்றி, நாலு மாடி ஏறி வந்து என் கையில் கொடுத்தான். "தூக்கிப் போட மனசு வரலக்கா. நீ வெச்சுக்க." அன்றோடு வீட்டில் சுரூபம் இல்லை, ஜெபமாலை இல்லை, அம்மாவுக்கு நன்மையும் இல்லை.

அம்மா ஒவ்வொரு சனியும் கேட்பதை இன்றும் கேட்டாள். ஷீலா அடுப்படிக்குப் போகும் வரை காத்திருந்து, மெதுவாக:

"கொண்டு வந்தியா?"

"இல்லம்மா."

"அடுத்த வாரம்?"

"பாக்கலாம்மா."

எட்டு மாதமாக இதே நாலு வார்த்தை. டோனி வேலையில் இருக்கும் நேரம். ஷீலா துணி காயப்போடப் போனால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம். யோசிக்காமல் இல்லை. பயம்தான். அம்மா வாயில் எதுவும் நிற்காது, சாயங்காலமே அவனிடம் சொல்லிவிடுவாள். அதோடு என் வருகையும் நிற்கும்.

ஜனவரி 4, ஞாயிறு. திருக்காட்சி (ராஜாக்கள் திருநாள்)

தமிழ்ப் பூசை எட்டு மணிக்கு. மூன்று ராஜாக்களாக வேடம் போட்டவர்களில் மூன்றாவது ராஜாவுக்குக் கிரீடம் பெரிதாகி மூக்கு வரை இறங்கிவிட்டது. கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே காணிக்கையோடு வந்தார். குடிலில் ஒட்டகத்துக்கு இந்த வருடமும் மூன்று கால்தான். செங்கல் முட்டு.

ஃபாதர் பிரசங்கம் நன்றாக இருந்தது. புதியவர், முப்பத்து நாலு வயது, செலாயாங் பையன். தொழுவத்தில் இடையர்கள்தான் பார்த்தார்கள், ராஜாக்கள் வந்து சேரும்போது குழந்தை ஒரு வீட்டில் இருந்தது, வேதத்தில் வீடு என்றுதான் இருக்கிறது என்றார். இத்தனை வருடம் கேட்டும் கவனித்ததில்லை. நடுவில் நான் வேறு எங்கோ போய்விட்டேன். அந்த வீட்டின் கதவை யார் திறந்தார்கள்? அந்நியர்கள், கூட்டமாக, ஒட்டகத்தோடு. மரியாள் பயந்திருக்க மாட்டாளா? சூசை என்ன சொன்னார்?

பூசை முடிந்து வெளியே வந்தால் ரீத்தா அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"ரொம்ப சந்தோஷம்மா. நான் தினம் வேண்டிக்கிட்டேன் தெரியுமா? டோனி திரும்பி வந்துட்டான்!"

"யாரு சொன்னா?"

"புல்லட்டின்ல போட்டிருக்கே! புதன்கிழமை, கடைசி வீடு."

பங்குச் செய்தித் தாளைப் பிரித்துப் பார்த்தேன். புதன், நாலாவது வரி. தம்பி பெயர், வீட்டு எண், எல்லாம் சரியாக. போன வருடப் பட்டியலில் இருந்தபடியே. வருடத்தை மாற்றினேன், கிழமையை மாற்றினேன், ஃபாதரை மாற்றினேன். அவனை எடுக்க மறந்துவிட்டேன்.

ரீத்தா அக்காவிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். "இல்லக்கா, தப்பா வந்திருச்சு." ஐந்து வினாடி. வாய் திறந்தது. "ஆமாக்கா, பார்ப்போம்" என்று வந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்?

எனக்குத் தெரியும் ஏன் என்று. ஃபாதரே வாசலில் வந்து நின்றால் டோனி என்ன செய்வான்? விரட்டவா போகிறான்?

ஜனவரி 5, திங்கள்

வெயில். கால் வீக்கம். கோயில் அலுவலகம் திங்களன்று பூட்டு, அதனால் திருத்தம் சொல்ல முடியவில்லை. (ஃபாதர் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இதை இங்கேயாவது ஒழுங்காக எழுத வேண்டும்.)

இன்று நாலு வீடு. ஏழு மணிக்கு ஆரம்பித்தோம்.
1. சூசைராஜ் வீடு. நாய் ஃபாதர் அங்கியைக் கடித்தது. தீர்த்தம் தெளித்ததும் ஓடிவிட்டது. ஃபாதர், "ஞானஸ்நானம் வேண்டாம் போல" என்றார்.
2. மருதாயி ஆன்டி. சுகர் கேட்டார்.
3. புதுத் தம்பதி. எழுதினால் பெயின்ட் போகுமா என்று கேட்டார்கள். ஸ்டிக்கர் இல்லையா என்றும்.
4. பெர்னார்ட் அண்ணன் வீடு. கிடார் வாசிக்கிறவர் இவர்தான். தன் வீட்டில் மட்டும் ஆறு பாட்டு.

எட்டேமுக்கால். முறுக்கு, கேக், முறுக்கு. சாப்பாடு வேண்டாம் என்றாகிவிட்டது.

ஜனவரி 6, செவ்வாய்

கிளினிக்கில் ஒரு சிறுமி என் விரலைக் கடித்துவிட்டாள். டாக்டர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது, விரலுக்காக இல்லை.

நாலு வீடு முடிந்து ஃபாதரைக் கார் வரை கொண்டுபோய் விட்டேன். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது.

"ஃபாதர், நாளைக்கு..."

"சொல்லுங்க அக்கா."

"நாளைக்கு மழை வருமாம். குடை எடுத்துட்டு வாங்க."

"சரி லா, தேங்க்ஸ்."

வெள்ளிக்கிழமை செய்தது கவனப்பிசகு. ஞாயிறு காலைக்கு மேல் அது கவனப்பிசகு இல்லை. வேண்டுமென்றே செய்கிறேன். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். பாதி அம்மாவுக்காக. மீதி, டோனி தோற்க வேண்டும் என்று. அந்த மீதி எவ்வளவு என்று அளந்து பார்க்கத் தெம்பு இல்லை.

ஜனவரி 7, புதன்

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும்.

தூறல். நாங்கள் பதினோரு பேர். ஃபாதர் வெள்ளை அங்கிக்கு மேல் ரெயின்கோட். பெர்னார்ட் அண்ணன் கிடாரைக் குப்பைப் பையில் போட்டுக் கட்டிக்கொண்டு. மூன்று வீடு முடிந்தது. டோனி தெருவுக்குத் திரும்பும்போது நான் கடைசி ஆளாகப் பின்தங்கினேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் ரீத்தா அக்கா பாட்டை எடுத்துவிட்டார், எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

டோனி கேட்டுக்கு வந்தான். கைலி, தோளில் துண்டு, சட்டை முன்பக்கம் முழுக்க ஈரம். அம்மாவைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எங்களைப் பார்த்தான். குரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெர்னார்ட் அண்ணன் மட்டும் ஒரு வரி கூடுதலாகப் பாடி நிறுத்தினார்.

"என்ன, எல்லாரும்?"

"வீடு மந்திரிக்க வந்திருக்கோம் தம்பி" என்றார் ரீத்தா அக்கா. "லிஸ்ட்ல உன் பேரு இருக்கே!"

அவன் என்னைப் பார்த்தான். ஒரே பார்வை, எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. சத்தம் போடுவான் என்று நினைத்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கேட்டைத் திறந்தான். "மழை பேயுது, உள்ள வாங்க ஃபாதர். எல்லாரும் வாங்க. ஆனா தண்ணி தெளிக்க வேணாம், கதவுல எழுத வேணாம். மன்னிச்சுக்குங்க."

ஃபாதருக்கும் புரிந்துவிட்டது. "தப்பு எங்க பக்கம்தான் போல, அண்ணே. அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டு கெளம்பிடறோம்" என்றார். சாக்பீஸை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஷீலா பதினோரு மைலோ போட்டாள். கோப்பை பத்தவில்லை, இரண்டு பேருக்குக் கண்ணாடிக் கிண்ணத்தில். உள் அறையிலிருந்து அம்மா குரல்.

"பாட்டு கேட்டுச்சே. கோயில் ஆளுங்களா? சாமி வந்திருக்காரா?"

ஃபாதர் டோனியைப் பார்த்தார். டோனி தலையாட்டினான். ஃபாதர் உள்ளே போனார், பின்னால் நானும். அம்மா ஒரு பக்கத்து உதட்டால் சிரித்தாள். ஆறு மாதமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை.

"சாமி, எனக்கு நன்மை கொண்டாந்தீங்களா?"

வாசற்படியில் டோனி நின்றான். "வேணாம் ஃபாதர். அங்க சபையில ஒண்ணு சொல்லிட்டு இங்க ஒண்ணு செய்ய என்னால முடியாது. கோவிச்சுக்காதீங்க."

அம்மா அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். ஃபாதர் அவள் தலையில் கை வைத்து நின்றார். அதை டோனி தடுக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டருகில் நானும் அவனும்.

"நீ கேட்டிருக்கலாம்க்கா."

"கேட்டா முடியாதுன்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன். அப்பவும் கேட்டிருக்கணும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான். ரீத்தா அக்கா தெரு முழுக்கப் புலம்பிக்கொண்டே வந்தார். "பெத்த தாய்க்குக்கூட இரக்கம் இல்லியே, இப்படியா கல்லு மனசு." அந்தக் கல் மனசுக்காரன் சட்டை ஏன் ஈரமாக இருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இன்றைக்கு நான் கேட்காதது எத்தனையோ.

ஜனவரி 8, வியாழன்

ரயிலில் தூங்கிப்போய் இறங்கும் இடம் தாண்டிவிட்டேன். எதிர் ரயில் பிடித்துத் திரும்பி, கிளினிக்குக்கு அரை மணி தாமதம். டாக்டர் இன்றைக்கு என்னைப் பார்த்தார்.

டோனிக்கு மெசேஜ் எழுதினேன், அழித்தேன். எழுதியவை:
– சாரிடா
– நான் வேண்டுமென்று செய்யவில்லை (பொய்)
– அம்மாவுக்காகத்தான் (பாதிப் பொய்)
– சாப்பிட்டியா

எதுவும் அனுப்பவில்லை.

மாலை நாலு வீடு. ஜெபத்தில் என் வாய் மட்டும் இருந்தது. எல்லாரும் என்னை ஒரு மாதிரி அனுதாபமாகப் பார்த்தார்கள். அனுதாபம் எனக்கு வரக்கூடாது, அவனுக்குத்தான் போக வேண்டும். அதைச் சொல்லவும் தைரியம் இல்லை.

நாளை ஷீலா செமினியில் அவள் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், தங்கைக்குப் பிரசவம். போன வாரமே சொல்லியிருந்தாள். டோனி அம்மாவோடு தனியாக. லீவு போட்டிருப்பான்.

ஜனவரி 9, வெள்ளி

கடைசி மூன்று வீடு. முடிந்தது. கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

ஃபாதரிடம் காரருகில் வைத்துச் சொல்லிவிட்டேன். எல்லாம். பட்டியலை மறதியில் அனுப்பியது, ஞாயிறே தெரிந்தது, செவ்வாய் சொல்ல வந்து குடையைச் சொன்னது. ரெயின்கோட்டை மடித்துக்கொண்டே கேட்டார். பாவசங்கீர்த்தனம் மாதிரி முழங்காலில் இல்லை, சாக்கடை ஓரம் நின்றுகொண்டு.

"அன்னைக்கு நான்தான் கதவை உடைக்கிற ஆளு மாதிரி நின்னேன், அக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் உறைத்தது.

"என்ன செய்யட்டும் ஃபாதர்?"

"போய் மன்னிப்பு கேளுங்க. கையில எதுவும் எடுத்துட்டுப் போகாதீங்க. தீர்த்தம், சாக்பீஸ், நன்மை டப்பா, ஒண்ணும் வேணாம். அவரை எதுக்கும் ஒத்துக்க வைக்கப் போகாதீங்க."

"அம்மாவுக்கு?"

"அம்மாவை ஆண்டவர் எட்டு மாசமா விட்டுட்டுப் போயிட்டாருன்னு நெனைக்கிறீங்களா?"

நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் போல. என் டப்பா போகாத வீட்டுக்கு அவரும் போக மாட்டார் என்று. பதினோரு வருடம் சுமந்ததில் டப்பாவின் பாரம் தெரிந்தது, உள்ளே இருப்பவர் சொந்தக் காலில் நடப்பார் என்பது மறந்துபோனது. களைப்பில் ஏதேதோ எழுதுகிறேன். ஆனால் இதை அடிக்கப் போவதில்லை.

ஜனவரி 10, சனி

காலை ஒன்பது நோயாளிகள். பிறகு கோயிலில் குடில் கழற்றினோம். ஆள் வருவதாகச் சொன்னவர்கள் ஐந்து, வந்தவர்கள் இரண்டு. ராஜாக்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் போட்டோம்.

மத்தியானம் டோனி வீட்டுக்கு வெறுங்கையோடு. வழியில் பீசாங் கோரெங் கடை. வாழைப்பழம் பொரியும் வாசனை. வாங்கக் கை போனது, இழுத்துக்கொண்டேன். அதுகூட லஞ்சம் மாதிரி இருந்தது.

அவன் அம்மா படுக்கைக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தான். அம்மா சாய்வு நாற்காலியில் தூக்கம். நான் வாசலிலேயே நின்று சொன்னேன்.

"பட்டியல்ல பேரு வந்தது மறதி. ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் சொல்லல. ஃபாதர் வந்து நின்னா நீ ஒத்துக்குவன்னு நெனச்சேன். உன்னை எல்லார் முன்னாடியும் மாட்டி விட்டேன். மன்னிச்சுக்க."

விரிப்பின் மூலையை மெத்தைக்கு அடியில் செருகினான். இன்னொரு மூலையையும் செருகினான்.

"ஆஸ்பத்திரிக்கு யாரும் வரலன்னு நான் உன்கிட்ட ஒருநாளும் கேட்டதில்லக்கா."

"அதுவும் என் தப்புதான்டா. நான்தான் யாருக்கும் சொல்லல."

"தெரியும்." பழைய விரிப்பைச் சுருட்டிவிட்டு, "சரி விடு" என்றான். அந்த "சரி விடு" முழு மன்னிப்பு இல்லை. எனக்கு அது போதும்.

கிளம்பும்போது கேட்டான். "நாளைக்கு ஷீலா இல்ல. எனக்கு சபை பத்துலருந்து. ஒரு மணிக்கு வந்துருவேன். அம்மாகூட இருக்கியா?"

"பூசை எட்டுக்கு. முடிச்சுட்டு நேரா வந்துடறேன்."

நான் செருப்பை மாட்டினேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல்: "பூசை முடிச்சு நேரா வர. என்ன கொண்டு வரன்னு நான் கேக்க மாட்டேன்."

வீடு வரும் வரை அந்த வார்த்தை கூடவே வந்தது. அவன் அங்கே ஒன்று, இங்கே ஒன்று செய்ய முடியாது என்றவன். எனக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்கிறான். சந்தோஷப்பட வேண்டும். பட்டேன். கூடவே வெட்கமாகவும் இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து டப்பாவோடு கிராப் கார். நன்மை கையில் இருக்கும்போது வீண்பேச்சு கூடாது. டிரைவர் தமிழ்ப் பையன், பேச்சுக்காரன்.

"கோயில்லருந்தா அக்கா?"

தலையாட்டினேன்.

"கூட்டமா?"

தலையாட்டினேன்.

"ஏர்கோன் பத்தலியா அக்கா? கோவமா இருக்கீங்க." பாவம், கடைசி வரை பாட்டைக் குறைத்து, ஏர்கோனைக் கூட்டி, என்னென்னவோ செய்து பார்த்தான். இறங்கியதும் ஐந்து நட்சத்திரம் போட்டேன்.

டோனி டை கட்டித் தயாராக இருந்தான். என் கழுத்துக் கயிற்றைப் பார்த்தான், கேட்கவில்லை. "கஞ்சி கொடுத்துட்டேன். பேம்பர்ஸ் மாத்திட்டேன்." போய்விட்டான்.

மேசையில் வெள்ளைக் கைக்குட்டை விரித்தேன், டப்பாவை வைத்தேன், மெழுகுவர்த்தி. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எட்டு மாதம் காத்திருந்தவள். நான் டப்பாவைத் திறக்கப் போகும்போது கேட்டாள்.

"டோனிக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. கேக்க மாட்டேன்னு சொல்லிட்டான்."

"சரின்னு சொன்னானா?"

"சரின்னு சொல்லல. கேக்க மாட்டேன்னு."

அம்மா யோசித்தாள். பேச்சு இழுக்கிறது, ஆனால் புத்தி தெளிவு. "அப்ப வேணாம். அவன் வரட்டும்."

"அம்மா, அவன் வந்தா ஒருவேளை..."

"அவன் வீடு. அவன் கையால சோறு திங்கிறேன். அவன் இல்லாதப்ப திருட்டுத்தனமா எனக்கு ஆண்டவர் வேணாம்."

கெஞ்சினேன். ஆமாம், நான்தான் கெஞ்சினேன். அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று மணி நேரம் டப்பா மேசையில். ஜெபமாலை சொன்னேன், அம்மா பாதி சொன்னாள், பாதி தூங்கினாள். நான் ஒரு தடவை மனதுக்குள் டோனியைத் திட்டினேன், இரண்டு தடவை அம்மாவை. மெழுகுவர்த்தி தீர்ந்துபோய் இன்னொன்று தேடினால் பிறந்தநாள் கேக் மெழுகுவர்த்திதான் கிடைத்தது. நீலம். ஏற்றி வைத்தேன்.

ஒன்று பத்துக்கு டோனி. டையைத் தளர்த்திக்கொண்டே அறைக்குள் வந்தவன் மேசையைப் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னுமா?"

"டோனி, இங்க வா" என்றாள் அம்மா. "அக்கா நன்மை கொண்டாந்திருக்கா. எனக்கு ஆசையா இருக்கு. உன் வீட்டுல வாங்கலாமா கூடாதா, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. கூடாதுன்னா கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் வேண்டாம் என்றுதான் சொல்வான் என்று நினைத்தேன். டப்பாவை எப்படி எடுத்துவைப்பது, எந்த முகத்தோடு கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அம்மாவின் அசையாத கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்து:

"சின்னதா கிள்ளுக்கா. பெரிசா போட்டா தொண்டையில நிக்கும்."

அதுதான் அவன் சொன்ன சரி.

எழுந்து போய்த் தண்ணீரில் ஏதோ பொடியைக் கலக்கிக் கெட்டியாக்கி ஸ்பூனோடு கொண்டுவந்தான். நான் அம்மா தலையை நிமிர்த்தினேன், எல்லா நோயாளிக்கும் செய்வதுபோல். "மேல தூக்காதே. தாடை கீழ இருக்கணும், அப்பத்தான் எறங்கும்" என்று தன் கையால் அம்மாவின் தாடையைப் பிடித்துக் கொடுத்தான். பதினோரு வருடம், ஒன்பது பேர், யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நகத்தளவு கிள்ளினேன். கிறிஸ்துவின் திருவுடல். அம்மா ஆமென் என்றாள், பாதி வாயில். தண்ணீரை அவன் ஸ்பூனில் ஊட்டினான். தொண்டை அசையும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இறங்கியது.

அம்மா அவனைப் பார்த்தாள். "உனக்கு?"

டோனி துண்டால் அவள் உதட்டைத் துடைத்தான்.

"எனக்கு அங்க குடுத்தாங்கம்மா. இன்னைக்கு அப்பம் பிட்ட நாளு."

அம்மா சரி என்று தலையை ஆட்டினாள்.

அந்த அப்பம் வேறு, இந்த நன்மை வேறு என்று எனக்குத் தெரியும். மறைக்கல்வி வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன், கரும்பலகையில் கோடு போட்டு இரண்டு பக்கம் எழுதி. வாய் வரை வந்தது. சொல்லவில்லை. களைப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா கட்டிலில் கீழே சரிந்திருந்தாள். டோனி டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனான்.

"விரிப்பை அந்தப் பக்கம் நீ பிடிச்சுக்கக்கா. எப்பவும் நான் ஒத்தையா இழுப்பேன், அம்மாவுக்கு வலிக்கும். ஒன், டூ, த்ரீ."

தூக்கினோம்.